‘கோச்’ என்னும் சொல்லுக்கு ஒரு மதிப்பெண்

ஜூன் 9, திங்கள்

உத்தேச விடைக்குறிப்பு இன்று காலை வந்தது. பாளையங்கோட்டையில் நாங்கள் உட்கார்ந்து படிக்கும் நூலகத்தின் வேப்பமரத்தடியில் கல்யாண வீடும் எழவு வீடும் ஒரே பந்தலில் நடந்தன. மொழிபெயர்ப்பாளர் பணிக்கான தேர்வு. இடங்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். எழுதியவர்களை ஒன்றாகக் குடிவைத்தால் ஒரு பஞ்சாயத்து யூனியன் தேறும்.

என் மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். எல்லோரும் சொல்லும் கட் ஆஃப் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மார்க் குறைந்தால் வெளியே. வெளியே என்றால் சுரண்டை; அங்கே அண்ணனின் உரக்கடையில் யூரியா மூட்டைக்குப் பில் போடுவது. அண்ணன் நல்லவன்தான். யூரியாதான் எனக்கு ஒத்துக்கொள்ளாது.

கடையநல்லூரிலிருந்து வரும் ஒருவன், தெரியாத கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ‘இ’ என்று அடித்ததாகவும் அதில் பாதி சரியாகிவிட்டதாகவும் மரத்தடியில் சொற்பொழிவு நிகழ்த்திக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளிக்கொண்டு செல்வின் வந்தான்.

"ஏ பேச்சி, அநியாயத்தப் பாத்தியா? கோச்சுக்குப் பிரெஞ்சுன்னு போட்டிருக்கான். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு மார்க்கு போச்சே!"

கேள்வி இதுதான்: ‘கோச்’ என்னும் சொல் எம்மொழியில் பிறந்தது? (அ) பிரெஞ்சு (ஆ) ஜெர்மன் (இ) ஹங்கேரியம் (ஈ) ஆங்கிலம்.

செல்வின் காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கைப்பந்து சொல்லிக்கொடுக்கிறான். பிள்ளைகள் அவனை ‘கோச் சார்’ என்பார்கள். பொங்கல் சமயத்தில் டீக்கடையில் நின்றபோது, "இந்தக் கோச்சுங்கிற எழவு எந்த ஊர் வார்த்தை?" என்று கேட்டான். ஹங்கேரியில் ஒரு கிராமத்தின் பெயர் என்று சொன்னேன். நான் சொன்னதை நம்பித் தேர்வில் ‘இ’ அடித்திருக்கிறான். இப்போது என்னைவிட ஒரு மார்க் கீழே, கோட்டுக்கு வெளியே நிற்கிறான்.

"நம்ம ரெண்டு பேருக்கும்" என்று அவன் சொன்னபோது நான் திருத்தவில்லை. என் பெயர் பேச்சியம்மாள். விடுதியில் என்னோடு அறையில் இருக்கும் கோமதி அக்கா, "பேருதான் பேச்சி, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு பயம்" என்பாள். இன்று வாயைத் திறக்காததற்குக் காரணம் வேறு.

நான் அடித்தது ‘அ’. பிரெஞ்சு.


ஜூன் 10, செவ்வாய்

துணி ஊறவைத்தேன். மழை வரும்போல இருந்தது, வரவில்லை.

தெரிந்தே ஏன் தவறான விடையை அடித்தாய் என்று வெளியாள் யாராவது கேட்பான். தேர்வு எழுதுகிறவர்கள் கேட்க மாட்டார்கள். எங்கள் உலகத்தில் சரியான விடை என்பது ஒன்று, மார்க் விடை என்பது வேறொன்று. கேள்வி எடுத்தவர் எந்தப் புத்தகத்தைப் பார்த்து எடுத்திருப்பார் என்று கண்டுபிடித்து, அந்தப் புத்தகத்தின் தவறையும் சேர்த்து மனப்பாடம் செய்வதுதான் படிப்பு.

எந்தப் புத்தகம் என்று எனக்குத் தெரியும். நான் மாலையில் வேலை பார்க்கும் பயிற்சி மையத்தின் கையேடு. அதில் ‘பிறமொழிச் சொற்கள்’ பகுதியைத் தொகுத்துக் கொடுத்ததே நான்தான். ‘கோச்: ஹங்கேரியம்’ என்றுதான் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தபோது ‘பிரெஞ்சு’ என்று இருந்தது. மையத்தை நடத்தும் புலவர் குற்றாலலிங்கம் ஐயாவிடம் கேட்டேன்.

"ஹங்கேரின்னா பயலுவளுக்கு என்னம்மா தெரியும்? பிரெஞ்சுன்னா பக்கத்துல பாண்டிச்சேரி இருக்கு, ஞாபகம் வச்சுக்கிடுவான்."

"ஆனா ஐயா, அது தப்புல்லா?"

"தப்பு சரின்னு பாத்தா ரெண்டுமே தப்பு. கோ என்றால் அரசன். அச்சு என்றால் வண்டியின் அச்சு. அரசன் ஏறிய அச்சு வண்டி, கோச்சு. தமிழ்தான் இங்கேயிருந்து போயிருக்கு. அதப் போட்டா தேர்வுக் கமிட்டிக்காரன் ஒத்துக்கிட மாட்டான். அதனால நடுவுல பிரெஞ்சு."

எதற்கும் எதற்கும் நடுவில் பிரெஞ்சு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேர்வறையில் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஐயாவின் முகம் தெரிந்தது. ‘அ’ அடித்தேன். மதிப்பெண் வந்தது.

சாயங்காலம் செல்வின் மையத்து வாசலுக்கே வந்துவிட்டான். அடுத்த திங்கள்கிழமைவரை இணையத்தில் ஆட்சேபணை தெரிவிக்கலாம், ஆதாரமான அகராதிப் பக்கங்களை இணைக்கவேண்டும், கையேடுகள் செல்லாது.

"நீ எழுதிக் குடு பேச்சி. எனக்கு வாலிபால்ல சர்வீஸ் போடத் தெரியும். கமிட்டிக்கு லெட்டர் போடத் தெரியாது."

இவன் ஆட்சேபணை ஜெயித்தால் இவனுக்கு ஒன்று ஏறும், எனக்கு ஒன்று இறங்கும். இடம் மாறிவிடும். அவ்வளவு எளிய கணக்கு.

சரி என்றேன். மறுத்தால் காரணம் சொல்லவேண்டியிருக்கும் என்பதால் மட்டுமே.


ஜூன் 11, புதன்

நூலகத்தில் பெரிய அகராதிகளை யாரும் எடுப்பதில்லை. தூசியில் ஒரு மணிநேரம் தும்மினேன். பிறகு நேரம் போனது தெரியவில்லை.

இந்தச் சொல் தாலுகா ஆபீசில் மனுக்கொடுத்தவனைப் போல அலைந்திருக்கிறது. ஆங்கில அகராதியைக் கேட்டால், எங்களுக்குத் தெரியாது, பிரெஞ்சு மேசையில் விசாரியுங்கள் என்கிறது. பிரெஞ்சுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, இது ஜெர்மன் செக்‌ஷன் என்கிறார். ஜெர்மன்காரர் சாப்பிடப் போயிருக்கிறார். வந்ததும் கிழக்கே கையைக் காட்டுகிறார். கிழக்கே போனால் ஹங்கேரியில், புடா நகருக்கும் வியன்னாவுக்கும் இடையில் சாலையோரம் ஒரு சின்ன ஊர், பெயர் கோச். அந்த ஊர்த் தச்சர்கள் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னால் லேசான, வேகமான குதிரை வண்டிகள் செய்தார்கள். ‘கோச்சி’ என்றால் கோச் ஊருடையது. பத்தமடைப் பாய், கோச் வண்டி. அவ்வளவுதான் விஷயம்.

வண்டி போன ஊரிலெல்லாம் பெயரும் போயிருக்கிறது. இங்கிலாந்தில் கல்லூரி மாணவர்கள், தங்களைத் தேர்வில் ஏற்றிக் கரைசேர்க்கும் தனி ஆசிரியரை வண்டி என்று கேலி செய்திருக்கிறார்கள். அந்தக் கேலிதான் செல்வின் கழுத்தில் விசிலாகத் தொங்குகிறது. புலவர் ஐயாவின் ‘கோச்சிங் சென்டர்’ போர்டிலும் விளக்குப் போட்டு எரிகிறது.

கோமதி அக்காவிடம் இவ்வளவையும் சொன்னேன். அவள் தேர்வில் ‘ஈ’ அடித்தவள்.

"கோச்சுன்னா இங்கிலீஷ்னுதானே நெனப்பாவ. அதுக்கு அப்பனா, தாத்தனான்னு எவன் தேடுவான்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஏட்டி, எவனுக்கோ ஆட்சேபணை எழுத ஒனக்கு மூஞ்சி ஏன் இப்பிடிப் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டாள்.

தூசி ஒவ்வாமை என்றேன்.


ஜூன் 12, வியாழன்

ஜெர்மன் அகராதி நம் நூலகத்தில் இல்லை. செல்வினுக்குத் தெரிந்த பழைய பாதிரியார் நூலகம் ஒன்று இருக்கிறதாம். அவன் ஸ்கூட்டரில் போனோம். பஸ் நேரடியாக இல்லை. இரண்டு பஸ் மாறவேண்டும் என்பதால்தான்.

போகும் வழியில் லேசாகச் சாரல். அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் நான் அதிகம் நனையவில்லை. அவன் நன்றாக நனைந்தான். இதை எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லை.

அகராதி தலையணை கனம். ராமபாணப் பூச்சி தின்றது போக மிச்சமிருந்த பக்கத்தில் அந்தச் சொல் இருந்தது. ஹங்கேரியச் சொல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். செல்வின் "ஏ!" என்று மேசையைத் தட்டினான். நூலகத்து அம்மா, "தம்பி, இது கிரவுண்டு இல்ல" என்றார்கள்.

பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டோம். வெளியே வந்து சோடா குடிக்கும்போது, "ஒன் ரிஜிஸ்டர் நம்பரு, பொறந்த தேதி எல்லாம் எங்கிட்ட இருக்குல்லா, ஹால் டிக்கெட் எடுக்கும்போது குடுத்தியே. ஒனக்கும் சேத்து நானே ஆட்சேபணை போட்டுருதேன். நீ அலைய வேண்டாம்" என்றான்.

சோடா மூக்கில் ஏறியது. வேண்டாம், இணையதளம் மெதுவாக இருக்கிறது, ஒருவர் போட்டால் போதும், கமிட்டி எல்லோருக்கும்தான் திருத்தும் என்று என்னென்னவோ சொன்னேன். நான் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவன் பார்த்ததில்லை.

"சரி சரி, மூச்சு விடு" என்றான்.


ஜூன் 13, வெள்ளி

ஆட்சேபணை எழுதி முடித்தேன். பெருமையாக இருக்கிறது. வெட்கமாகவும்தான், ஆனால் பெருமை கொஞ்சம் முந்திக்கொண்டது.

அதில் பொய் ஒரு வரிகூடக் கிடையாது. அதுதான் அதன் அழகு. ஹங்கேரி என்று சொல்வோர் இருக்கிறார்கள் என்று தொடங்கினேன். பிறகு, படுக்கையைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்போரைக் கொண்டுவந்தேன். இத்தாலியர்களுக்கு அவர்களுடைய வண்டிப்பெயர் மேல் இருக்கும் உரிமையுணர்வைப் பரிவோடு விளக்கினேன். ஸ்லாவிய மொழிகளை அழைத்து நாற்காலி போட்டேன். லத்தீனில் சிப்பியைக் குறிக்கும் சொல்லை இழுத்துவந்தவர்களையும் விடவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒன்றரைப் பக்கம், அடிக்குறிப்பு. முடிவில், ‘இப்பொருள் குறித்து அறிஞர்களிடையே கருத்தொற்றுமை இல்லை எனினும்’ என்று ஒரு வாக்கியம் ஆரம்பித்து அடுத்த பக்கத்தில் முடித்தேன்.

இதைப் படிக்கிற எந்தக் கமிட்டியும் விடைக்குறிப்பில் கைவைக்காது. இருப்பதே இருக்கட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போய்விடும். நடுநிலைமையைப்போல நல்ல விஷம் வேறில்லை.

மைதானத்துக்குப் போய்ச் செல்வினிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கியே" என்றான்.


ஜூன் 14, சனி

செல்வினுக்கு என்னவோ ஆகிவிட்டது.

காலையில் மரத்தடியில் என்னைப் பார்த்ததும் கும்பிட்டான். "பாண்டிச்சேரில எங்க சித்தி இருக்காவ. ஒனக்கு ஏதாவது வாங்கிட்டு வரச் சொல்லணுமா?" என்றான். எனக்கெதற்குப் பாண்டிச்சேரிச் சாமான் என்றேன். "இல்ல, ஒனக்கு அந்த ஊருமேல ஒரு பாசம் இருக்கும்லா" என்றான்.

ஆட்சேபணை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அருமையா இருக்கு. எனக்கே நான் என்ன கேக்கேன்னு புரியல. கமிட்டிக்காரன் படிச்சான்னா மெடிக்கல் லீவு போட்டுருவான்."

"அறிஞர்கள் அப்படித்தான் எழுதுவாங்க."

"ஆமா ஆமா. நீ ஏன் எழுதுனன்னுதான் யோசிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். மத்தியானம் சாப்பிடும்போது என் டப்பாவில் ஒரு முட்டையை வைத்துவிட்டு, "தெம்பா இரு. ஆபீஸரம்மா ஆகணும்லா" என்றான்.

வெயிலில் பிள்ளைகளோடு குதித்துக் குதித்து மூளை காய்ந்துவிட்டது போலும். முட்டை நன்றாக இருந்தது.


ஜூன் 15, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். அண்ணன் போன் செய்து, "ரிசல்ட்டு எப்பம்? கடைக்கு ஆள் பாக்கணுமா வேண்டாமா?" என்றான். பார் என்றேன். "அப்பம் கெடச்சிருமா?" என்றான். வைத்துவிட்டேன்.

மத்தியானம், வெறும் பயிற்சிக்காக, அதே ஆட்சேபணையை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஊர், சாலை, வண்டி, ஹங்கேரியம், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம். ஒவ்வொரு படிக்கும் ஓர் அகராதிப் பக்கம். மற்றக் கருத்துகளுக்கு ஒரே வரி: இவை உண்டு, இவற்றுக்கு ஆதாரம் போதாது, பெரும்பான்மை அகராதிகள் ஏற்பது ஹங்கேரியத்தையே.

சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். கெட்ட வேலை.


ஜூன் 16, திங்கள். கடைசி நாள்

காலையில் மைதானத்துக்குப் போனேன். நேற்று எழுதிய பக்கம் பையில் இருந்தது. கொடுக்கத்தான் போனேன் என்று சொல்ல முடியாது. பையில் இருந்தது, அவ்வளவுதான்.

"ஆட்சேபணை போட்டுட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றான் பந்தைப் பார்த்துக்கொண்டே. காது மடலைத் தேய்த்தான்.

செல்வின் பொய் சொல்லும்போது மட்டும் காது மடலைத் தேய்ப்பான். இதை நான் எப்போது கவனித்து வைத்தேன் என்று தெரியவில்லை. பையைத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

வழியெல்லாம் யோசனை. ஒரு மார்க்குக்குத் துள்ளிக்கொண்டு வந்தவன் ஏன் போடாமலிருக்கவேண்டும்?

அறைக்கு வந்தால் கோமதி அக்கா கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் தன் விடைத்தாளைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தாள். "எத்தன தப்பு பாரேன்! ஒவ்வொண்ணுக்கும் செவப்பா ஒரு பெட்டி. இதுல ஆட்சேபணை வேற தெரிவிக்கணுமாம்."

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் நாம் அடித்த விடை தெரிகிறது. தவறானவற்றுக்குப் பக்கத்தில்தான் ‘ஆட்சேபணை தெரிவிக்க’ என்று இருக்கிறது. சரியாக அடித்தவற்றுக்குப் பக்கத்தில் பச்சையில், ‘தங்கள் விடை பொருந்துகிறது’.

கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் எண்ணும் பிறந்த தேதியும் அவனிடம் இருக்கின்றன. எனக்கும் சேர்த்துப் போடுகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். நல்ல காரியத்தை வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற ஆளா அவன்? வியாழக்கிழமை சாயங்காலமே திறந்து பார்த்திருப்பான். பாண்டிச்சேரிச் சித்தி. ஊர்ப்பாசம். ஆபீஸரம்மா. முட்டை!

எல்லாம் தெரிந்துகொண்டு, என் விஷத்தையும் படித்துக்கொண்டு, ஒன்றும் போடாமல் நாள் கழிய விட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு வேலையை விட்டுக்கொடுக்கிறானாம். யார் கேட்டது? அப்படியே பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. முட்டையை வைத்தபோது எப்படிச் சிரித்தான்!

"அக்கா, நீங்க ஒரு ஆட்சேபணை போடணும்."

"எதுக்கு?"

"கோச்சு. ஹங்கேரின்னு."

"நான்தான் இங்கிலீஷ்னுல்லா போட்டேன்? ஹங்கேரின்னு மாத்துனா எனக்கு மார்க்கு வருமா?"

"வராது."

"ஒனக்கு?"

"எனக்குப் போயிரும்."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பம் யாருக்கு வரும்?" என்று கேட்டாள். நான் பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தேன். அவள் பதில் வாங்கிக்கொண்டவளைப் போலத் தலையை ஆட்டினாள்.

"கூறுகெட்ட மூதி" என்றாள் அன்பாக. "எனக்கு எப்பிடியும் கெடைக்கப் போறதில்ல. குடு அந்தப் பேப்பர."

ஒரே பக்கம், அகராதிப் படங்கள் எல்லாவற்றையும் அவள் எண்ணிலிருந்து ஏற்றினோம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றட்டும், கடவுளாகப் பார்த்து நிறுத்தினால் என் மேல் பழியில்லை என்று நினைத்தேன். ‘தங்கள் ஆட்சேபணை பெறப்பட்டது’ என்று வந்துவிட்டது.


ஜூலை 2, புதன்

செல்வின் பரிவோடு நடந்துகொள்கிறான். தியாகம் செய்தவர்களுக்கு முகத்தில் ஒரு சாந்தி வந்துவிடுகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.


ஜூலை 19, சனி

இன்று டீக்கடையில், "நீ மெட்ராஸ் போனப்புறம் எங்களையெல்லாம் மறந்துருவ" என்றான். மறந்துவிடுவேன் என்றேன். இரண்டு பேருக்கும் நான்தான் டீ வாங்கினேன். குற்றவுணர்ச்சி இல்லை, சந்தோஷம். யாருக்கும் தெரியாமல் ஒருவனை ஏமாற்றிக்கொண்டிருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறதென்று எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை.


ஆகஸ்ட் 22, வெள்ளி

இறுதி விடைக்குறிப்பும் தரவரிசையும் ஒன்றாக வந்தன.

கோச்: (இ).

செல்வின், தேர்வானவர்களில் கடைசி. நான் காத்திருப்போரில் முதல். எனக்கடுத்து கடையநல்லூர்க்காரன்.

நன்றாகச் சாப்பிட்டேன். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். ஒரு மேசை, அதன்மேல் எனக்கென்று ஒரு பெயர்ப்பலகை, இரண்டு மொழிகளுக்கு நடுவில் அமைதியாக ஒரு வேலை. அதற்கு மேல் நான் ஒன்றும் ஆசைப்பட்டிருக்கவில்லை. தண்ணீர் வீணாகிறதே என்று மூடிவிட்டேன்.


ஆகஸ்ட் 23, சனி

காலையிலேயே விடுதி வாசலில் செல்வின். உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கேட்டுக்கு வெளியே நின்றான். கோமதி அக்கா வேடிக்கை பார்க்கவென்றே நிலக்கடலைப் பொட்டலத்தோடு கூட வந்தாள்.

"யாரு போட்டது?"

"எத?"

"ஆட்சேபணைய."

"நீதானே போட்ட? போட்டாச்சு போட்டாச்சுன்னு சொன்னியே."

கை காதுக்குப் போனது.

"நான் போடல. அது ஒனக்கும் தெரியும்."

"அப்பம் எங்கிட்ட பொய் சொன்னியா?"

"நீ ‘அ’ அடிச்சுட்டு எங்கிட்ட சொல்லாம இருந்தது மட்டும் என்னவாம்?"

"நீ கேக்கல."

"எட்டுப் பக்கத்துக்கு எனக்கு வெசம் எழுதிக் குடுத்தியே!"

"நீ படிச்சியே."

அவனுக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கோமதி அக்காவைப் பார்த்தான். அவள் கடலைத் தோலை ஊதிவிட்டு, "என்ன ஏம்ப்பா பாக்க? எனக்கு ஹங்கேரின்னா ஊரா பேரான்னுகூடத் தெரியாது" என்றாள்.

"நான் வேலைல சேரப் போறதில்ல" என்றான் கடைசியில். "நான் சேரலன்னா அடுத்தது ஒனக்குத்தானே வரும்."

இதை எதிர்பார்த்திருந்தேன். "வரும். நானும் சேர மாட்டேன். எனக்கடுத்து யாருன்னு பாத்தியா?"

பார்க்கவில்லை என்று முகமே சொன்னது.

"கடையநல்லூர்க்காரன். தெரியாததுக்கெல்லாம் ‘இ’ போட்டவன். அவன் போய் ஒக்காந்து அரசாணையெல்லாம் கண்ண மூடிக்கிட்டு மொழிபெயர்க்கட்டும். நாடு நல்லா இருக்கும்."

"நீ சும்மா சொல்லுத. சேராம இருக்க மாட்ட."

"நீ சேராம இருந்து பாரு."

சாலையில் ஒரு பஸ் போய், இன்னொரு பஸ் வந்து, அதுவும் போனது. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் என் காதைத் தொடவில்லை.

"ஏன் பேச்சி இப்பிடிப் பண்ணுன?" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"நீ சரியான விடைய அடிச்ச. நான் அடிக்கல. அவ்வளவுதாம். போலே, போயி சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வையி."

அவன் போனபிறகு கோமதி அக்கா, "என்னட்டி, ‘லே’ங்க? அவ்வளவு உரிமையா?" என்றாள். எப்போது சொன்னேன் என்று கேட்டேன். கடலையை என் கையில் கொட்டிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள்.


செப்டம்பர் 8, திங்கள்

செல்வின் நேற்று சென்னைக்குப் போனான். பெட்டியைத் தூக்கிக் கொடுக்க ஆளில்லை என்றான். போய்த் தூக்கிக் கொடுத்தேன். கனமே இல்லை.

இன்று புலவர் ஐயாவைப் பார்த்தேன். தேர்வு வாரியம் தவறான விடையை எந்தக் கையேட்டிலிருந்து எடுத்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதைச் சாதாரணமாக, வானிலையைப்பற்றிப் பேசுவதுபோலச் சொன்னேன். ஐயா மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள்.

"என்னம்மா வேணும்?"

முழுநேர வேலை. நான் எழுதிக்கொடுப்பது எழுதியபடி அச்சாகவேண்டும். அட்டையில் என் பெயர்.

"அட்டையிலயா? அட்டையில எம் போட்டோல்லாம்மா இருக்கு."

"போட்டோவுக்குக் கீழ எடம் இருக்கு ஐயா."

சம்மதித்தார்கள். அண்ணனிடம், கடைக்கு ஆள் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். புதிய பதிப்பில் ‘கோச்: ஹங்கேரியம்’ என்று போட்டாகிவிட்டது. ஐயா ரொம்பவும் கெஞ்சிக் கேட்டதால் ஓர் அடிக்குறிப்பு அனுமதித்தேன்: ‘கோ + அச்சு என்பாரும் உளர்.’


செப்டம்பர் 20, சனி

புதிய அறிவிக்கை வந்திருக்கிறது. இந்தமுறை இடங்கள் கொஞ்சம் கூடுதல், எல்லாம் சென்னையில். கோமதி அக்கா தன் விண்ணப்பத்தை முடித்துவிட்டு என்னுடையதையும் போனில் நிரப்பினாள். நான் துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னேன். பெயர், தந்தை பெயர், தாய்மொழி, அறிந்த பிறமொழிகள்.

"திருமணமானவரான்னு கேக்கான்."

"இப்போதைக்கு இல்லன்னு போடுங்க."

அடுத்த துணியையும் மடித்து வைத்தேன். திரும்பிப் பார்த்தேன். அக்கா போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஆம்னு ஒரு கட்டம் இருக்கு, இல்லன்னு ஒரு கட்டம் இருக்கு" என்றாள். "இப்போதைக்குன்னு ஒண்ணைக் காணமேட்டி."